பூஜ்யம் என்றொரு இலக்கு

காலை ஆறு மணி. இருட்டறையின் கதவு திறந்தது. உள்ளே பயிற்சி வீரன் பிணமாகக் கிடந்தான்.

இராணுவ உளவுப் பயிற்சி நிலையத்தின் இறுதித் தேர்வு அது: ஓர் இரவு முழுவதும் இருளில் தனிமை. தாங்க முடியாதவன் சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் வெளியே மணி ஒலிக்கும்; காவற்காரர் திறப்பார்; அவன் தோற்றவனாவான். கூக்குரலிட்டாலும் அந்தக் கனத்த கதவைத் தாண்டிக் கேட்காது.

நடைச்சுவரில் பலகை தொங்கியது: "இவ்வாண்டு இலக்கு: மணியடித்தோர் பூஜ்யம்." மனிதனின் அச்சத்தையும் எண்ணாக்கி, அந்த எண்ணுக்கு மாலை சூட்டும் காலமல்லவா இது!

மூச்சுத்திணறல் என்றார் மருத்துவர். விசாரிக்க வந்த பெண் ஆய்வாளர் முன் காவற்காரர் வந்து நின்றார்.

"மணியே அடிக்கலைங்க மேடம். நான் கண்ணே மூடலை."

"அடிக்கலையா?" நிலைய இயக்குநர் உள்ளே புகுந்து பொத்தானை அழுத்தினார். மணி அலறியது. "கேக்குதா மகராசா? இல்ல, இப்பவும் தூக்கமா?"

காவற்காரருக்குச் சிறை கண்ணில் தெரிந்தது. அதனினும் கொடிய ஐயம் ஒன்று நெஞ்சைக் கவ்வியது: உண்மையிலேயே தூங்கிவிட்டேனோ?

ஆய்வாளர் விளக்கைப் பாய்ச்சினார். பிணத்தின் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. பொத்தான் பதித்த தகட்டில் இரத்தக் கோடு ஒன்று மேல்விளிம்பு வரை ஏறியிருந்தது. தகட்டுக்குக் கீழே, சுவரில் இன்னொரு கோடு தரையை நோக்கி இறங்கியிருந்தது.

"கதவைத் திறந்ததும் உள்ளே வந்தது யாரு?"

"நான்தான்," என்றார் இயக்குநர். "இவனை டாக்டரைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்."

"அதுவரைக்கும் தனியாவா இருந்தீங்க?"

"ஆமா. அதுல என்ன?"

"ரத்தம் மேல ஏறுமா சார்?"

ஆய்வாளர் தகட்டைச் சுட்டினார்.

"கை வழுக்கி இறங்கின ஒரே கோடு இது. சுவர்ல கீழே போகுது, தகட்டுல மேலே போகுது. அவன் செத்த பிறகு யாரோ தகட்டைக் கழட்டி, பின்னாடி பிடுங்கிக் கிடந்த கம்பியை மறுபடி சேர்த்து, அவசரத்துல தலைகீழா மாட்டியிருக்காங்க."

"இவன்தான் மாட்டியிருப்பான்!"

"இவருக்கு என்ன தலையெழுத்து? கம்பி அறுந்து கிடந்தாத்தான் இவர் தப்பிக்க முடியும். ராத்திரி மணி ஊமையா இருக்கணும், விடிஞ்சதும் பேசணும். ரெண்டும் யாருக்குத் தேவை? சட்டைப்பையைக் காட்டுங்க சார்."

வெளியே வந்தது ஒரு சிறிய திருப்புளி.

"மேலிடம் பூஜ்யம் கேட்டது! நான் என்ன பண்ணுவேன்?"

"மேலிடம் எண்ணைத்தான் கேட்டது. கம்பியைப் பிடுங்கினது உங்க கை."

இயக்குநரை அழைத்துச் சென்றனர். காவற்காரர் பெருமூச்சு விட்டார், தாம் தூங்கவில்லை! அக்கணமே, கதவையொட்டிக் கிடந்த தமது முக்காலி கண்ணில் பட்டது. இரவெல்லாம் அதிலமர்ந்து, கதவில் முதுகு சாய்த்து, பாட்டை முணுமுணுத்தபடி விழித்தேயிருந்தார். முதுகுக்குப் பின்னால் அந்த விரல் அழுத்திக்கொண்டேயிருந்தது.

முக்காலியை நோக்கி நடந்தார். ஆனாலும் அந்த முக்காலியில் அவரால் அமர முடியவில்லை.