வடக்குப் பக்கத்துக் கோடு

வாசலில் உள்பக்கம் பார்த்துக் கழற்றிவிட்ட செருப்பு, விடிந்து பார்த்தால் வெளிப்பக்கம் பார்த்துக் கிடந்தது. மனைவி பெருக்கும்போது திருப்பி வைத்திருப்பாள் என்று நினைத்துக் காலை நுழைத்தான். அவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்பது நாலு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. அதற்குமேல் யோசிக்க அவனிடம் தெம்பு இல்லை. மரத்தை இறக்கி வைத்த நாளிலிருந்தே அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்பதில்லை.

மரம் பெயர்க்கிற குழுவுக்கு அவன் மேஸ்திரி. புதுச்சாலை வருகிற வழியில் நிற்கும் மரங்களை வெட்டாமல், வேரோடு தோண்டி, சாக்கு சுற்றி, கிரேனில் தூக்கி வேறு இடத்தில் நடுகிற வேலை. இந்த மரத்துக்கு வயது இருநூறு என்றார்கள் சிலர், முந்நூறு என்றார்கள் சிலர். வெட்டக் கூடாது என்று தெருவே திரண்டு வந்து அதன் அடியில் உட்கார்ந்தபோது, வீடு வீடாகப் போய்ப் பேசியவன் அவன்தான். "உயிரோட கொண்டுபோய் வெப்பேன், என்னை நம்புங்க" என்றான். நம்பினார்கள். மரம் ஒரு வருஷம் பிழைத்துவிட்டால் அதைப் பராமரிக்கும் வேலையும், நடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, இப்போதைக்குத் தங்கக் கொடுத்திருந்த இரண்டு அறை வீடும் அவனுக்கே என்று கம்பெனியும் வாக்குக் கொடுத்தது. கல்யாணமானதிலிருந்து கொட்டகை கொட்டகையாகப் பெட்டி தூக்கியவள் அவன் மனைவி. இந்த வீட்டுச் சுவரில் முதல் ஆணியை அவளே அடித்து, கல்யாணப் படத்தை மாட்டினாள்.

"இனிமே பெட்டியக் கட்டச் சொன்னீங்கன்னா, உங்களையும் அதுக்குள்ள வெச்சுக் கட்டிடுவேன்" என்றாள்.

பெயர்க்கும் முன்பு அடிமரத்தின் வடக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுவார்கள். நடும்போது அந்தக் கோடு மறுபடி வடக்கையே பார்க்க வேண்டும். மரத்துக்கும் முன் பின் உண்டு. வெயிலைத் தாங்கித் தாங்கித் தெற்குப் பட்டை தடித்துக் காய்த்துப் போயிருக்கும். வடக்குப் பட்டை நிழலிலேயே வளர்ந்தது, மெல்லிசு, மாற்றி வைத்தால் வெந்துவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான், இரண்டு நாள் கண்ணே மூடாமல் நின்ற அன்று, பொழுது சாய்கிற நேரத்தில், கோடு எதிர்ப்பக்கம் இருப்பதைப் பார்த்தான். மரம் குழிக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, திருப்பணுமா?" கிரேன் ஓட்டுகிறவன் மேலே இருந்து கத்தினான்.

திருப்புவதென்றால் மறுபடி தூக்கி, கயிற்றுக் கட்டுகளை எல்லாம் மாற்றிக் கட்டி, இன்னொரு அரை நாள். அவனுக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"பரவால்ல. அப்படியே எறக்கு."

மறுநாள் யாரும் வருவதற்குள் பழைய கோட்டின் மேல் சேற்றை அப்பிவிட்டு, வடக்கே புதிதாக ஒரு கோடு இழுத்தான். விஷயம் அவனுக்கும் கிரேன்காரனுக்கும் மட்டும் தெரியும்.

வெயிலுக்குத் திரும்பிய மெல்லிசுப் பட்டை சில நாளிலேயே கொப்புளித்தது. ஈரச் சாக்கைச் சுற்றினான். சாயங்காலமானால் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பி, ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாக வந்து, பச்சைக் கட்டையை அடுப்பில் வைத்த மாதிரி கண்ணைக் கரித்து, சோற்றில்கூட ஏறிக்கொண்டது. கூடவே அந்தச் சத்தம். மரம் சாயாமல் இருக்க நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய இரும்புக் கயிறுகள் முனகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் இது கயிறு இல்லை, மண்ணுக்கு அடியில், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈரப் போர்வையைப் பிழிவது போல, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்குகிற சத்தம். காற்று இல்லாத நேரத்தில்தான் அது நன்றாகக் கேட்டது. மனைவிக்குக் கேட்கவில்லை.

"தூக்கம் கெட்டா எல்லாந்தான் கேக்கும். கொஞ்சம் படுங்க" என்றாள்.

படுத்தான். மத்தியானத் தூக்கம் கலைந்தபோது தலை இருந்த இடத்தில் கால் இருந்தது. தலையணையும் கூடவே வந்திருந்தது. எழுந்து வெளி அறைக்கு வந்தால், மனைவி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கல்யாணப் படம் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

"ஏங்க, இது என்ன விளையாட்டு?"

"நான் தொடவே இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே படத்தைத் திருப்பி மாட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே இன்ஜினியருக்குப் போன் செய்தான்.

"சார், மரத்தத் திசை மாத்தி வெச்சுட்டேன். என் தப்புதான். மறுபடி தூக்கித் திருப்பணும் சார், இல்லன்னா செத்துடும்."

இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் அலுப்பு. "ரோடு தெறக்கிற வரைக்கும் பச்சையா நின்னா போதும்யா. அப்புறம் அது செத்தா யார் கேக்கப் போறா? உனக்கு வீடு வேணுமா வேணாமா? வாய மூடிக்கிட்டுத் தண்ணிய ஊத்து."

தெருக்காரர்களிடம் போய்ச் சொல்லலாம். அவர்கள் விடமாட்டார்கள், மரத்தைத் தூக்கித் திருப்ப வைத்துவிடுவார்கள். சொல்லிவிட்டால் வேலை போகும், வீடு போகும். உள்ளே மனைவி இரண்டாவது ஆணியை அடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கிரேன்காரன் போனில் கூப்பிட்டான். கழுத்து பிடித்துக்கொண்டதென்று அவன் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை.

"அண்ணே, சாப்பிட முடியலண்ணே. கைக்கு வாய் எட்ட மாட்டேங்குது."

"என்னடா ஒளறுற? டாக்டர்ட்ட போனியா?"

"வெளிய எப்படிண்ணே போவேன்?" என்று அழுதான். பிறகு அவன் குரலுக்குப் பின்னால், போனுக்குள், ஈரப் போர்வையைப் பிழிகிற சத்தம். மேஸ்திரி போனை அணைத்துவிட்டான்.

விடிகிற நேரத்தில் மண்ணுக்கு அடியில் சத்தம் நின்றது. நின்றதால்தான் அவனுக்கு விழிப்பு வந்தது.

செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வெளியே போனான். மரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றுவிட்டான்.

அவன் இழுத்த புதுக்கோடு தெற்கே இருந்தது. சேறெல்லாம் உதிர்ந்து, பழைய கோடு வடக்கே இருந்தது. இரும்புக் கயிறுகள் நாலும் அடிமரத்தில் அரைச் சுற்றுச் சுற்றிக்கொண்டு கிடந்தன. கொப்புளித்த பட்டை நிழலுக்குள் போயிருந்தது. மேலே ஒரு கிளையில் தளிர்.

தானாகவே சரி செய்துகொண்டுவிட்டது. இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வீடு போகாது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோ" என்றான் மரத்திடம்.

சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஈரப் போர்வை. மெதுவாக. ரொம்பப் பக்கத்தில்.

மண்ணுக்கு அடியில் இல்லை. அவன் இடுப்பில். முதுகில். கழுத்தில். வலி இல்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நின்றது.

"ஏங்க, டீ ஆறுது!"

மனைவி வாசலில் டம்ளரோடு நின்றாள். வீடு நேரே தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தான்.

வீடு தள்ளிப் போனது.

வேகமாக நடந்தான். இன்னும் தள்ளிப் போனது. அவளும் சிறுத்தாள்.

"எங்க போறீங்க? வீடு இந்தப் பக்கம்ல இருக்கு..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். டம்ளர் கீழே விழுந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குக் கீழே பார்த்தாள்.

அவன் நெஞ்சில் ஏதோ இடித்தது. சொரசொரப்பாக. ஈரமாக. பட்டை.

குனிந்து பார்த்தான்.

சட்டையில் பொத்தான் இல்லை, முதுகுத் துணிதான். கீழே, மண் ஒட்டிய இரண்டு குதிகால்கள்.