மகிழ்நனின் நிதானம்

சந்தியாகு தன் முன்னிருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் மேசையின் நடுவே தள்ளினான். நெற்றியில் வழிந்த வியர்வையைப் புறங்கையால் துடைத்தான்.

எதிரே யாழரசி அசையாமல் இருந்தாள். அவள் நாடி சீராக ஓடியது.

செவ்வாய்க் குடியிருப்பிலிருந்து பூமிக்குக் கிளம்பும் கப்பலில் ஒரே ஓர் இருக்கைதான் மிச்சம். போன முறை குலுக்கலில் தில்லுமுல்லு என்று கலவரமே மூண்டது. அதனால் இம்முறை போக்கர் சீட்டாட்டம். கடைசியில் எஞ்சியவர்கள் இந்த இருவர். இரண்டு பேருமே கற்றுக்குட்டிகள்.

ஆனால் யாழரசி தினமும் ஆட்டம் பார்த்தவள். பூமியின் சாம்பியன் மகிழ்நன் ஆடும் ஒளிபரப்பில் படத்தோடு அவன் உடம்பும் வரும். மெய்ப்பட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் அவன் மூச்சு, துடிப்பு, வயிற்றின் இறுக்கம் எல்லாம் பார்ப்பவருக்குள் இறங்கும். எதற்கும் கலங்காதவன் மகிழ்நன். பார்த்துப் பார்த்து, பட்டையைக் கழற்றிய பிறகும் அந்த நிதானம் அவளிடம் தங்கிவிட்டது. அவள் முகத்தைப் படிக்க முடியாமல் ஒவ்வொருவராகத் தோற்றார்கள். குடியிருப்பே பட்டை கட்டிப் பார்த்தது. சந்தியாகு மட்டும், “அடுத்தவன் நெஞ்சு எனக்கு எதுக்குய்யா?” என்று ஒதுங்கிக்கொண்டான்.

அவள் கையில் இரண்டு ஏஸ். மேசையில் விரித்திருந்த ஐந்து சீட்டுகளில் மூன்று ஸ்பேட். அவனிடம் இன்னும் இரண்டு ஸ்பேட் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகி அவள் ஏஸ்களை வென்றுவிடும்; முடிந்தது கதை. இந்தச் சுற்றை விட்டுவிட்டாலும் தொடர்ந்து ஆட அவளிடம் போதுமான வில்லைகள் இருந்தன; ஈடுகட்டினால் அத்தனையும் பணயம்.

இடைவேளையில் தோழி ரெஜினா சொல்லி அனுப்பியிருந்தாள்: “வயித்துல பயம் புடிச்சா யோசிக்காம சீட்டைக் கீழ போட்டு விலகிரு. தூத்துக்குடியில உன் பொண்ணு காத்துட்டிருக்கா, அத மட்டும் நெனச்சுக்க.”

யாழரசி மகளை நினைத்தாள். விட்டுவந்தபோது நான்கு வயது. பயம் வரட்டும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. மகிழ்நனுக்கு வராத பயம் அவளுக்கு எங்கிருந்து வரும்? அவனுக்கென்ன, இன்று தோற்றால் நாளை இன்னோர் ஆட்டம்.

“பாத்துடலாம்,” என்று அவளும் தன் வில்லைகள் எல்லாவற்றையும் தள்ளினாள்.

சந்தியாகு சீட்டுகளைத் திருப்பினான். இரண்டுமே ஸ்பேட்.

அடுத்த கப்பலுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். மகளிடம் என்ன சொல்வது? அழுகையைத் தனக்குள் தேடினாள். மூச்சு ஒரே சீராக வந்து போனது.

“எனக்கு ஒண்ணுமே தோணல, ரெஜினா.”

“எனக்கும்தான்,” என்றாள் அருகே வந்து நின்ற ரெஜினா, அமைதியாக. அவள் கழுத்தில் பட்டையின் தடம் இருந்தது. பின்னால் ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூட உச்சுக் கொட்டவில்லை.

“மன்னிச்சிரு அக்கா... உம் புள்ள வழி பாத்துக்கிட்டே கெடக்குமே!”

மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தான், ஜெயித்தவன்.