மூன்று இடுப்பு வலிகள்

புதன்கிழமை, காலை 9.40. மொரப்பூர் சாலையில் இருந்த அந்த ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியில் மஞ்சள் பலகையைக் காணோம்.

நோயாளியைத் தூக்காமல், கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்குச் சறுக்கி மாற்றுகிற பலகை அது. ஊழியர்களின் இடுப்பாவது தப்பட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் ஜோஸ்பின் ஆறு மாதம் நச்சரித்து வாங்கியது. ஆளுயரப் பலகை, பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட முடியாது.

பழி வார்டு உதவியாளர் கண்ணம்மாள் தலையில் விழுந்தது. பொறுப்பு நர்ஸ் பானுமதியின் பதிவேட்டில் செவ்வாய் மாலை ‘பலகை உள்ளது’ என்று இருந்தது. இன்று பானுமதியிடம் சாவி வாங்கி, பலகை இருக்கும் அலமாரியைத் திறந்தவள் கண்ணம்மாள்தான். பதினொரு மணிக்குள் பலகை வராவிட்டால் அவளுக்கு வேலை கிடையாது என்று டாக்டர் தீர்த்தகிரி சொல்லிவிட்டார்.

“தெறக்கறப்பவே இல்லீங்க மேடம். ரெண்டு நாள் லீவுல காரிமங்கலம் போயிட்டு இன்னிக்குத்தான் வந்தேன்” என்று கண்ணம்மாள் ஜோஸ்பினிடம் அழுதாள்.

ஜோஸ்பினுக்குத் தலை சுற்றியது. கண்ணம்மாளை நம்பினால் பதிவேடு பொய். பதிவேட்டை நம்பினால் கண்ணம்மாள் பொய். இரண்டையும் நம்பினாலோ, பூட்டிய அலமாரியிலிருந்து பலகை தானே நடந்து போயிருக்க வேண்டும்.

10.15. ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாதப்பனைப் பிடித்தாள்.

“கடைசியா பலகைய எப்பண்ணா எடுத்தீங்க?”

“திங்கக்கெழமைங்க. நாலாம் பெட்டு பெரியவரு தவறிட்டாரில்ல, அவர எறக்கறதுக்கு.”

“அப்புறம்?”

“கழுவி சிஸ்டர்கிட்ட குடுத்துட்டனுங்க.”

“நேத்து?”

“நேத்து அவசரமுங்க. கையாலயே தூக்கிட்டோம்.”

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நகர்ந்தான். ஜோஸ்பின் தன் அறைக்கு ஓடிப்போய், சிகிச்சைக்கு வந்தவர்களின் நோட்டைப் புரட்டினாள்.

10.50. டாக்டர் அறை. பானுமதியும் கண்ணம்மாளும் நின்றிருந்தார்கள்.

“பலகை காணாமப் போனது இன்னிக்கு இல்ல டாக்டர், திங்கட்கிழமையே” என்றாள் ஜோஸ்பின். “பலகை வாங்கி நாலு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஸ்டாஃப் ஒருத்தரும் இடுப்பு வலின்னு எங்கிட்ட வரல. நேத்து ஒரே நாள்ல மூணு பேரு, எல்லாரும் அந்த ஒரே வார்டு. ஒரு தடவ அவசரம்னா சரி, பலகை அலமாரில இருந்திருந்தா மூணு பேரும் ஏன் கையால தூக்கணும்? அந்த ரெண்டு நாளும் கண்ணம்மா ஊர்லயே இல்ல. சாவியும் பதிவேடும் ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு. எங்க சிஸ்டர் வெச்சீங்க?”

பானுமதி சாவியை மேஜைமேல் வைத்தாள்.

“பிணவறைல. பொணம் ஏத்துன பலகைல எங்கப்பாவ ஏத்தாதீங்கன்னு அஞ்சாம் பெட்டுக்காரங்க ஒரே சண்ட. எனக்கும் மனசு ஒப்பல. டாக்டர் திட்டுவாருன்னு, இருக்கறதா எழுதிட்டேன்.”

“நாலாம் பெட்டுலதான் அவர் செத்தாரு. கட்டிலத் தூக்கிப் போட்டுட்டோமா சிஸ்டர்?” என்றாள் ஜோஸ்பின்.

பானுமதி கண்ணம்மாள் பக்கம் திரும்பினாள். “மனசுல வெச்சுக்காத கண்ணம்மா.”

கண்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பலகையக் கழுவி எடுத்துக்கலாங்க சிஸ்டர். காலைலருந்து வார்டே என்னத் திருடின்னு பாத்துச்சு. அதுக்கு என்ன பண்றதுங்க?”