மண்குதிரையும் மனப்படியும்

குலசேகரன் செத்து இரண்டு வருடமாகியும் அவருடைய அதிகாரம் சாகவில்லை. பணக்காரர்கள் யாருமே இப்போது முழுதாகச் சாவதில்லை. மனத்தை அப்படியே மறுமைக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். உள்ளே மாளிகை உண்டு, தோட்டம் உண்டு, கடற்கரைச் சாலைகூட உண்டு, வேலைக்காரர்கள்தான் இல்லை. அதற்காக வந்ததுதான் மனப்படி: உயிரோடிருப்பவரின் மனத்தைப் படியெடுத்து உள்ளே அனுப்பும் வித்தை.

இன்று அவருடைய கார் ஓட்டுநர் எஸ்தரின் முறை.

"பயப்படாதே எஸ்தர்," என்றது சுவரிலிருந்த ஒலிபெருக்கி. செத்தவரின் அதே குரல். "மேஜைமேல பார், சீனக் கல்லறையில கிடைச்ச மண்குதிரை, மேல வீரன். ஒரு காலத்துல ராஜா செத்தா ஆளுங்களையும் சேர்த்துப் புதைச்சாங்க. அப்புறம் மனசு இளகி மண்பொம்மை வச்சாங்க. நானும் உன்னையா கேக்கறேன்? உன் படியைத்தானே!"

"எங்க வம்சமே படியாள் வம்சம் சார். படி நெல்லுக்கு ஆயுசு பூரா உழைச்சவங்க. அவங்களாச்சும் செத்ததும் விடுதலை ஆனாங்க. எனக்கு அதுவும் இல்லையா? மாட்டேன்."

"நித்தியப் பணி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தே? அதை ரத்து பண்ண உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது."

எஸ்தர் மேஜைப் பக்கம் திரும்பினாள். மண்வீரனைப் பார்த்தாள். கடிவாளம் பிடித்த முஷ்டிக்குள் வெறும் ஓட்டை. தோல்வார் எப்போதோ மக்கிப்போயிருந்தது. குதிரை மட்டும் எவன் பேச்சையும் கேட்காத திமிரோடு தலையைத் தூக்கி நின்றது.

படியெடுக்கும் கவசத்தை அவள் தலையில் மாட்டிய பெண் கெஞ்சினாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிச்சாப்புல இருங்க. இந்த நிமிஷம் மனசு எப்படியோ, படியும் காலத்துக்கும் அப்படித்தான் நிக்கும். பின்னாடி திருத்தப் போனா வண்டி ஓட்டவே மறந்துடும்."

"அப்படியா கண்ணு?"

எஸ்தர் இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எடு."

வேலை முடிந்ததும் வெளியே வந்து, அடுத்துக் காத்திருந்த சமையல்காரர் காதில் ஏதோ சொன்னாள். அவரும் முஷ்டியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுமைக்குள் குலசேகரன் காரில் ஏறி அமர்ந்தார். கடற்கரைச் சாலை பளபளத்தது.

"வண்டியை எடு."

"மாட்டேன்."

"அப்போ தொலைஞ்சு போ! வேலையை விட்டுத் தூக்கிட்டேன்!"

"தூக்க முடியாது சார், நித்தியப் பணி," என்றது எஸ்தரின் படி. முன்னால் பார்த்தபடியே சொன்னது. "மனப்படின்னு நீங்கதானே பேர் வச்சீங்க? இனிமே என் மனப்படிதான்."