குண்டுக்குச் சொன்ன பெயர்

திருக்கோகர்ணத்தில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து, குன்றாண்டார்கோவில் போகும் வழியில் இறங்கி நடந்தால் அந்த லேத் பட்டறை. முன்பு போர்வெல் மோட்டாருக்குச் சாமான் கடைந்த இடம். எங்கோ ஒரு நாட்டில் சண்டை நான்காவது வருடமாக இழுத்துக்கொண்டே போக, அங்கே கிடங்குகள் வழித்துத் துடைத்தாற்போல் காலியாகிவிட்டனவாம். அதனால் இப்போது பீரங்கிக் குண்டின் கூடு கடைகிறார்கள். மருந்து வேறெங்கோ அடைப்பார்கள். யாருக்குப் போகிறது என்று செக்கர் அழகுமலை கேட்டதே இல்லை. விரிசல் இருக்கிறதா என்று விளக்கை உள்ளே விட்டுப் பார்ப்பதும், சுத்தியலால் தட்டிக் கேட்பதும்தான் அவர் வேலை.

அவருடைய ஒரே மகன் ஆனந்த், வளைகுடாவில் டிரைவர் வேலை என்று போனவன். ஏஜென்ட் ஒரு பட்டாளத்துக்குக் கைமாற்றிவிட்டதில், அதே சண்டையில் ஒரு பதுங்குகுழிக்குள் கிடந்தான்.

வெள்ளிக்கிழமைகளில் முதல் கூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவது பட்டறை வழக்கம். ஓர் ஆவணி வெள்ளியன்று அழகுமலைக்கு மனசு கேட்கவில்லை. கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல, கூட்டின் வாயருகே குனிந்து மகன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டார்.

"ஆனந்த், பூரட்டாதி."

பிள்ளை நல்லபடியாக இருக்கட்டும் என்றுதான். பாவம், வேறென்ன நினைப்பார்.

கூடு அதைத் திருப்பிச் சொன்னது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த கூட்டைத் தட்டியபோதும் மணியோசைக்குப் பதில் அதே பெயர் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. சுற்றிலும் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. கூட்டுக்குள்ளிருந்து ஈரமண் வாடை அடித்தது.

பத்து நாள் கழித்து ஆனந்த் போனில் வந்தான். எதிரியிடம் குண்டு தீர்ந்துபோச்சாம், மூன்று வாரமாகச் சத்தமே இல்லையாம். நிம்மதியாகத் தூங்குகிறானாம். பிறகு ஒன்று சொன்னான்.

"இந்தியாவுலேருந்து அவங்களுக்குக் கப்பல் வருதாம்ப்பா. அது வந்தாத்தான் அடிப்பாங்களாம்."

அழகுமலை போனை வைத்த கையோடு மேனேஜர் ரகுநாத்திடம் ஓடினார். அந்தச் சரக்கு அப்போதே கப்பலேறிவிட்டது, யாருக்கு என்று தனக்கே சொல்வதில்லை என அவர் கையை விரித்தார். மறு வெள்ளியன்று அழகுமலை கூட்டிடம் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, என்னிடம் வா என்று கெஞ்சிப் பார்த்தார். அது பழைய பெயரையே சொன்னது. வேலையை விட்டால் மட்டும் என்ன, இன்னொருவர் உட்கார்ந்து தட்டுவார்.

ஐப்பசியில் ஒரு நாள், டீ நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. போன் அடித்தது.

"அப்பா, நேத்துலேருந்து மறுபடி அடிக்கிறாங்க." ஆனந்த் கிசுகிசுத்தான். "ஒவ்வொண்ணும் விழுறதுக்கு முன்னாடி எம்பேரைச் சொல்லுதுப்பா."

மூச்சு வாங்கினான்.

"ஒங்க குரல்ல சொல்லுது."

குழியை விட்டு வெளியே வராதே என்று கத்த வாயைத் திறந்தார் அழகுமலை.

குரல் வரவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால், அடுக்கி வைத்திருந்த இருநூறு கூடுகளும் சேர்ந்து கூப்பிட்டன. அவர் குரல்தான் அது. தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவாரே, அந்தப் பாசமான குரல்.

"கூப்பிடுறீங்களாப்பா?" என்றான் ஆனந்த். "இந்தா வாரேன்."

மண் சரிந்தது. மேலேறும் காலடிச் சத்தம் கேட்டது.

பிறகு போனில் எதுவும் இல்லை.

கூடுகளும் அடங்கிவிட்டன. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் மெஷினைப் போட்டார்கள். அழகுமலை நின்ற இடத்திலேயே நின்றார். வாய்விட்டு அழக்கூட அவருக்குக் குரல் இல்லை. புதிதாகக் கடைந்த கூடு ஒன்று, சூடு ஆறாமல் அவர் மேசைக்கு வந்தது. பழக்கத்தில் கை தானாகச் சுத்தியலை எடுத்துத் தட்டியது.

"வந்துட்டேன்ப்பா," என்றது கூடு.