திரும்பி வரும் வழி

திரையிலிருந்த சரிபார்ப்புப் பட்டியலின் ஏழாவது வரியில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது.

‘பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, திறந்து பார்த்தாயிற்று’ என்ற வரி அது. மருத்துவமனையின் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்துப் பெயர் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்வர் அறையில் அவனைத் தவிர யாருமில்லை. பெயர்க் கட்டத்தில் ‘பொடிசு’ என்றிருந்தது.

கூட வேலை செய்தவளை அப்படிக் கூப்பிட்டவன் அவன் மட்டும்தான். போன வருடம் இதே வேலையின்போது, “பாக்காமலே பேரைப் போடு பொடிசு, மூணு மணி நேரம் யாரு உக்காந்திருக்கறது” என்றவனும் அவன்தான். மீட்டபோது பேக்கப்பில் பாதிதான் இருந்தது. மருந்து ஒவ்வாமைக் கட்டங்கள் வெறுமையாக வந்ததில் ஒரு நோயாளி இறந்தார். விசாரணையில் அவன் அவளுடைய பெயரைக் காட்டிவிட்டுக் கைகட்டி நின்றான். மூன்றாம் வாரம் அவளும் உயிரோடு இல்லை.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் டிக்கை அழிக்கவில்லை. பேக்கப்பைச் சரிபார்க்கும் மூன்று மணி நேரம் மிச்சம் என்று அப்கிரேடைத் தொடங்கினான்.

குளிர்சாதனத்தின் ஒரே சீரான இரைச்சலும், சூடேறிய ஒயர்களின் மெழுகு வாடையும், அலமாரிகளின் இருட்டுக்குள் மினுங்கிய பச்சைப் புள்ளிகளும் எப்போதும்போலத்தான் இருந்தன. அறுபது சதவீதத்தில் அப்கிரேட் நின்றபோதுதான், அந்த இரைச்சலுக்கு அடியில் யாரோ அழுது முடித்து மூக்கை உறிஞ்சுவதுபோல் கேட்டது. பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தான். காலி நாற்காலி.

போன் அடித்தது. பிரசவ வார்டு சிஸ்டர்.

“சார், உங்க வீட்டம்மாவுக்கு ஊசி போடணும். சார்ட் திறக்கல.”

“பழையதுக்கே திரும்பிடறேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம்.”

“உங்க அஞ்சு நிமிஷம் இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும். பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்காது.”

சிரித்தபடி போனை வைத்தாள்.

பேக்கப்பை மீட்டான். தடங்கலே இல்லை. எல்லாப் பெயர்களும் வந்தன. மனைவியின் பக்கத்தைத் திறந்தான்.

ஒவ்வாமைக் கட்டம் வெறுமை.

பெனிசிலின். சேர்க்கும்போது அவனே சொல்லிப் பதியவைத்தது. கல்யாணமான புதிதில் ஒரே மாத்திரையில் மூச்சடைத்து உதடு நீலமானவள்.

வார்டுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த கட்டடம், ஆறாவது மாடி. ஓடுவதைவிடத் தட்டச்சுதான் வேகம்.

‘பெனிசிலின்’ என்று அடித்தான். கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தையது. மறுபடி அடித்தான். மறுபடி மறைந்தது.

“பொடிசு,” என்றான். “தப்பு என்னோடது. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அவ உனக்கு என்ன பண்ணா?”

உறிஞ்சும் சத்தம் நின்றது.

டக்.

பக்கத்து மேசை. காலி நாற்காலிக்கு முன்னால் கீபோர்டில் அழிக்கும் பொத்தான் அமுங்கி எழுந்தது.

டக். டக்.

திரையில் புதிதாக ஒரு வரி. ‘பெனிசிலின் ஊசி போடப்பட்டது. மதியம் 2.40.’

பொத்தான் நிற்கவில்லை. மனைவியின் பெயரில் கடைசி எழுத்து போனது.

அதற்கு முந்தையது.