ஆர்வில் வீட்டு நாய்

நாயின் எடை பொருந்தவில்லை.

உயரத்தில் அது வெல்மாவின் முழங்காலுக்குத்தான் வந்தது. இருந்தும் கராஜிலிருந்த தராசு ஐம்பத்தெட்டு கிலோ காட்டியது. இறக்கிவிட்டு, தராசைத் துடைத்து, மறுபடி ஏற்றினாள். அதே ஐம்பத்தெட்டு.

"சடதான் பாதி எடை," என்றாள் கோரின், கையுறையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "பீயும் மூத்திரமும் ஊறி ஊறி சிமெண்ட் கணக்கா ஆயிருக்கு பாரு. ஐயே! இத வீட்டுக்குள்ள ஏத்தினா, உன் புருஷன் இதோட சேத்து உன்னையும் தத்துக் குடுத்துருவாரு."

"அவரு ஏரிக்கு மீன் புடிக்கப் போயிருக்காரு. வர ஞாயித்துக்கெழம ஆகும்."

நாய் மீட்புக் குழுவின் தலைவி கோரின். வெல்மா பதினோரு வருடமாக அதில் தொண்டர். மனிடோபா மாகாணத்தின் பிப்ரவரிக் குளிரில், தனியே வாழ்ந்த ஆர்வில் என்ற கிழவர் இறந்துகிடப்பது ஐந்து நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. கட்டிலுக்கடியிலிருந்து இந்த நாயை இழுத்து வந்தார்கள். முகம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத அழுக்குக் கம்பளி மூட்டை.

கோரின் கதவருகே நின்றாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கெழவனுக்கு நாம நாலு நாய் குடுத்தோம். இருந்தது இது ஒண்ணுதான். மீதி மூணு எங்கடி?"

"ஓடிப்போயிருக்கும்."

"நீதான போய் வீட்டப் பாத்துட்டு வந்த? எப்பிடி இருந்துச்சு?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

பச்சைப் பொய். நாய் கேட்பவரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்த பிறகே நாயைக் கொடுக்க வேண்டும். குழுவில் மீறக்கூடாத விதி அது ஒன்றுதான். ஆர்வில் இருந்ததோ தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, பனி மூடிய மண் சாலையில். தொலைபேசியில் தங்கமாகப் பேசினார். வெல்மா படிவத்தில் 'பார்த்தாயிற்று' என்று குறித்துவிட்டு, பாதி வழியில் பெட்ரோல் நிலைய வாசலில் நாயைக் கைமாற்றினாள். ஒரு முறையல்ல. ஆறு வருடத்தில் நான்கு முறை.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் கோரின். "இன்னைக்கே சடைய எடுத்தாத்தான் அடியில தோலு எப்பிடி இருக்குன்னு தெரியும். ரொம்ப அழுகியிருந்தா நாளைக்கு ஊசி போட்டு முடிச்சிருவாங்க, பாவம். எனக்குத் தத்து முகாம்ல வேல கெடக்கு. ஆறு மணிக்கு வந்து போட்டோ எடுக்கறேன்."

அவளுடைய வண்டிச் சத்தம் பனியில் தேய்ந்து மறைந்தது. மணி மூன்றரை.

இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வெல்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாலில் எது இது என்றாவது தெரியவேண்டும். கழுத்துப்பட்டை இருந்தால் தெரிந்துவிடும். குழு கொடுக்கும் ஒவ்வொரு நாய்க்கும் நீல வில்லை ஒன்று உண்டு. ஒரு பக்கம் நாயின் பெயர், மறுபக்கம் தத்துப் போகும்வரை அதை வளர்த்தவரின் தொலைபேசி எண். நாலிலும் இருந்தது அவள் எண்தான்.

சீஸ் துண்டில் பொதிந்து கொடுத்த மயக்க மாத்திரை வேலை செய்திருந்தது. சாய்பலகை வழியாகத் தள்ளாடி ஏறி, மேசையில் சரிந்து படுத்தது நாய். ஹீட்டர் சூடு ஏற ஏற, உறைந்திருந்த நாற்றமெல்லாம் இளகி எழுந்தது. கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி, அதற்கடியில் கெட்டுப்போன கொழுப்பின் வாடை, அதற்கும் அடியில் தித்திப்பாக ஏதோ ஒன்று, தொண்டையில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு விழுங்கினாலும் இறங்காத ஏதோ ஒன்று. மயிர் வெட்டும் மெஷினை வைத்து முதுகில் தள்ளினாள். சடை மயிராக உதிரவில்லை, ஈரத் தரைவிரிப்பைப் போலப் பிளந்து சுருண்டது. உள்ளே காய்ந்த பீ உருண்டைகள், வைக்கோல், கோழி எலும்பு, அவற்றின் நடுவே நெளியும் வெள்ளைப் புழுக்கள். சீ! பிப்ரவரியில் புழு எங்கிருந்து வரும்? வாளியில் ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

கழுத்தில் பட்டை அகப்பட்டது. நீல வில்லையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பிக்கிள். ஆர்விலுக்கு அவள் கொடுத்த முதல் நாய்.

"பிக்கிள்! அடி என் கண்ணே, நீயா?" அழுகை வந்துவிட்டது.

முதுகிலிருந்து வயிறுவரை சடை முழுசாக ஒரே போர்வையாகக் கழன்றது. தரையில் போட்டாள். அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரிந்திருக்க வேண்டும்.

மயிர்தான் தெரிந்தது. பிக்கிளின் வெள்ளை மயிர் இல்லை. பழுப்பு. ஈரமாக, இறுகிப்போன இன்னொரு சடை.

அதற்குள்ளிருந்து மூச்சு வந்தது. சீரான மூச்சு இல்லை. ஒரு மூச்சு இறங்கும்போதே இன்னொன்று ஏறியது.

மெஷினின் பல் கொதித்தது. மாற்றினாள். மறுபடி தள்ளினாள். இந்தச் சடை கஞ்சிபோலக் குழைந்து கையுறைக்குள் வழிந்தது. இன்னொரு பட்டை. வாஃபிள் என்றிருந்தது. அதே தொலைபேசி எண். அதுவும் போர்வையாகக் கழன்று, சொத்தென்று தரையில் விழுந்தது.

கோரினை அழைத்தாள்.

"ரெண்டு பட்டையா?" கோரினுக்குப் பின்னால் முகாமின் குரைப்புச் சத்தம். "செத்த நாயோட பட்டையெல்லாம் கெழவன் இதுக்கே மாட்டியிருப்பான். கிறுக்குப் பய. இதுக்கெல்லாமா பயப்படுவ?"

"கோரின், அடியில தோலே இல்ல."

"என்னது? இங்க ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுடி. இரு, சீக்கிரம் வந்துடறேன்."

கோரின் போனை வைத்துவிட்டாள்.

கராஜை மூடிவிட்டுப் போய்விடலாம். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். ஆனால் அது மூச்சு விடுகிறது. உள்ளே ஒரு நாய் உயிரோடு இருக்கிறது. பார்க்காமல் குறித்துத் தந்துவிட்டு, இப்போதும் பார்க்காமல் போவதா?

மூன்றாவது சடை கறுப்பு. அதை மெஷின் எடுக்கவில்லை. கத்தரியால் கீறி, விரல்களை உள்ளே விட்டு உரித்தாள். வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு. ஜூனோ.

நான்காவது, செம்மஞ்சள். அதற்குக் கத்தரியே தேவைப்படவில்லை. தொட்டதும் தானாகவே வாய்திறந்தது. உள்ளே மஸ்டர்டின் வில்லை பளபளத்தது.

"மஸ்டர்ட்," என்றாள். "வந்துட்டேன்டா. வெளிய வா."

இரண்டு பக்கமும் விலக்கினாள்.

உள்ளே நாய் இல்லை.

கை நுழையும் அளவு பள்ளம். ஈரம். சூடு. சுவர் முழுக்க சின்னச் சின்ன மயிர், உள்பக்கமாக முளைத்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

எலும்பு இல்லை. தலை இல்லை. ஒன்றுமே இல்லை.

கையை இழுத்தாள். வரவில்லை. பள்ளம் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. பல்லில்லாமல். இதமாக. குழைவாக.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

தப்.

தப், தப்.

சிமெண்ட் தரையில் வால் அடிபடும் சத்தம். பதினோரு வருடமாகக் கேட்ட சத்தம். வீட்டுக்கு வந்த ஆளை அடையாளம் கண்டு சந்தோஷப்படும் நாயின் சத்தம்.

திரும்பினாள். அவள் உரித்துப் போட்ட மூன்றும் அங்கே கிடக்கவில்லை. வந்துகொண்டிருந்தன. வயிற்றை அகலத் திறந்து, புழுக்களைச் சிந்தி, தரையில் வழுக்கி வழுக்கி. ஒவ்வொன்றின் நுனியிலும் வால் ஆடியது.

"வேணாம்," என்றாள். "வேணாம்டா. தப்புதான். நான் வந்து பாத்திருக்கணும்."

தப், தப், தப்.

கோபம் எதுவும் இல்லை அவற்றிடம். அதுதான் தாங்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள்.

பிக்கிள் முதலில் வந்தது. செருப்பின் மேல் ஏறியது. கணுக்காலைச் சுற்றியது. ஈர மயிர் காலோடு ஒட்டி ஒட்டி மேலேற, முழங்கால் உள்ளே போனது, தொடை உள்ளே போனது. வாஃபிள் இடுப்பைப் பிடித்தது. ஜூனோ முதுகில் ஏறி, வெதுவெதுப்பாகத் தோளைப் போர்த்தி, கழுத்தருகே மோந்து பார்த்தது.

வெல்மா வாயைத் திறந்தாள். மயிர் உள்ளே வந்தது.

ஆறு மணிக்குக் கோரின் கேமராவோடு கராஜ் கதவைத் தூக்கியபோது, மேசையின் மேல் அந்த நாய் உட்கார்ந்திருந்தது. சடை முழுசாக அப்படியே இருந்தது. முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அவளைக் கண்டதும் வாலை ஆட்டியது.